மேலத் தோட்டத்தில் எட்டுக் குச்சிகள்

பெரம்பலூரில் இருந்துகொண்டு மிளகுக்கு வைத்தியம் பார்த்தேன் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பருத்தியும் கடலையும் சின்ன வெங்காயமும் மழையை நம்பிக் கிடக்கிற பூமிதான், யார் இல்லை என்றது? ஆனால் வேப்பந்தட்டைக்கு மேற்கே பச்சைமலை இருக்கிறது. மேலே ஏறிவிட்டால் பலாமரங்கள், அவற்றைப் பிடித்துக்கொண்டு மிளகுக் கொடிகள். நிறைய இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தோட்டங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கொஞ்சமும் வாடிச் சாகத் தொடங்கியது. எதனால் சாகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வீடு அரியலூரில். காலையில் பஸ் பிடித்துப் பெரம்பலூர் வந்து, ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்த பயிர் நோய் ஆய்வுக்கூடத்தைத் திறப்பேன். ஆய்வுக்கூடம் என்றதும் மிரள வேண்டாம். இரண்டு அறை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு பழைய பிரிட்ஜ், கண்ணாடிச் சாமான்களை வேகவைத்துச் சுத்தம் செய்ய ஒரு பெரிய பிரஷர் குக்கர். மைக்ராஸ்கோப்புக்கு விளக்கு கிடையாது. அடியில் இருக்கும் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சம் பிடிக்க வேண்டும், மேகம் மூடினால் வேலை நின்றுவிடும். அதிகாரி திருச்சியில் இருந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்றபடி அங்கே ராணி நான்தான். அந்த நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது.

நோயைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. வாடிய செடியின் வேரில் கடுகளவு துண்டு வெட்டி, கழுவி, உருளைக்கிழங்கு வேகவைத்த சாற்றைக் கடல்பாசி போட்டு உறையவைத்த தட்டில் வைப்போம். மூன்று நாளில் அதிலிருந்து பூசணம் வளரும். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஆள் யார் என்று சொல்ல வேண்டும். பருத்தி வாடலைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஃபுசேரியம் என்கிற பூசணம் பழகிப்போயிருந்தது. அதன் வித்துகள் அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

ஆவணி மாதம் வேளாண் இலாகா ஆள் ஒருவர் மலையிலிருந்து மிளகு வேரைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். இரண்டு நாள் பஸ்ஸிலும் பையிலும் காய்ந்து சுக்காகியிருந்தது. மூன்றாம் நாள் தட்டில் வெள்ளையாய், ஓரத்தில் ரோஸ் நிறமாய்ப் பஞ்சு படர்ந்தது. பார்த்தேன். அரிவாள்கள். அந்த வாரமே அறிக்கை எழுதினேன். காரணம் ஃபுசேரியம், இன்ன பவுடரைத் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றவும். இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டாயே என்று அதிகாரி பாராட்டினார். நான் அன்றைக்கு அரியலூர் பஸ்ஸில் சீட் கிடைக்காமல் நின்றுகொண்டு வந்ததுகூடத் தெரியவில்லை.

எவ்வளவு பெரிய மடத்தனம் என்று இப்போது சொல்கிறேன். அழுகிக் காய்ந்த வேர் எதுவானாலும் அதில் ஃபுசேரியம் வந்து குடியேறத்தான் செய்யும். இழவு வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவனைப் பிடித்து, நீதான் கொலைகாரன் என்று எழுதிவிட்டேன். உண்மையில் கொன்றது வேரைக் காயவிட்ட அன்றைக்கே செத்துப்போயிருந்தது, அதனால் தட்டில் அது தலைகாட்டவே இல்லை.

புரட்டாசியில் சேதி வந்தது. பவுடர் ஊற்றிய மூன்று தோட்டங்களிலும் கொடிகள் முன்னைவிட வேகமாகச் சாகின்றன. அதுவரை ஒருமுறைகூட நான் மலைக்குப் போனதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடிவாரம்வரை பஸ், அப்புறம் நடை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, பையில் களைக்கொத்தும் பாலிதீன் உறைகளும் வைத்துக்கொண்டு ஏறினேன்.

முதல் தோட்டத்தில் கால் வைத்ததுமே குனிந்து பார்த்தேன். இலைகள் பழுத்து உதிரவில்லை, பச்சையாகவே உதிர்ந்து கிடந்தன. இலையில் கறுப்புப் புள்ளி, அதன் விளிம்பு நூல் பிரிந்தமாதிரி. தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தைத் தடவினால் தோல் வழுவழுவென்று கையோடு வந்தது. போன வாரம் நன்றாக இருந்த கொடி என்று காட்டினார்கள். ஃபுசேரியம் இப்படிக் கொல்லாது. அது மாதக்கணக்கில் உட்கார்ந்து தின்னும். அந்தத் தோட்டக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நீங்கள் சொன்ன மருந்தை ஒரு கொடி விடாமல் ஊற்றினோம் என்று மட்டும் சொன்னார். எனக்கு முகம் சுட்டது.

மூன்று தோட்டத்திலும் கொடியின் அடியைக் கொத்தி, ஈர வேரும் ஈர மண்ணுமாக உறைகளில் கட்டினேன். இனி நோயில்லாத மண்ணும் வேண்டும். அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது புதிதாக வந்தது என்று சொல்ல முடியும். நோய் தொடாத தோட்டம் அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. மேட்டுக்கு மேலே, தனியாக. மேலத் தோட்டம் என்பார்கள். கீழேயிருந்து மழைத்தண்ணீர் அங்கே போக வழியில்லை.

அதன் சொந்தக்காரிக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் இறந்து ஆறேழு வருடம். வேறு நிலம் கிடையாது. வாசலில் நின்ற பலாமரத்தில் ஒரு கொடி வைத்து, அதிலிருந்து துண்டு துண்டாக வெட்டி நட்டு, இருநூறு கொடியாக்கியிருந்தார். எல்லாம் அவர் ஒருவர் கை. மலையில் மற்றக் கொடிகள் போய்விட்டால், மறுபடி நடுவதற்கு இங்கேயிருந்துதான் துண்டு எடுப்பது என்று இலாகாவும் முடிவுசெய்திருந்தது. அந்தத் தோட்டம் நின்றால் அவர் நிற்பார், மலையில் மிளகும் நிற்கும். அது விழுந்தால் இரண்டும் இல்லை.

தோட்டத்து வழியில் குறுக்கே கயிறு கட்டி வேப்பிலை செருகியிருந்தது. அம்மை போட்ட வீட்டு வாசல்போல. கீழ்த் தோட்டங்களில் கொடி சாக ஆரம்பித்த அன்றைக்கே கட்டிவிட்டாராம். கீழ்த் தோட்டத்து ஆட்கள் யாரையும் உள்ளே விடவில்லை, சொந்தக் கொழுந்தனார் உள்பட. எனக்குச் சிரிப்பு வந்தது. கொடிக்குமா அம்மை வரும் என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும், எதுவானாலும் ஆளோட வந்துறக் கூடாதுன்னு கட்டுனேன். நீங்க படிச்சவங்க, நீங்க வாங்க" என்று கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

கால் கழுவ ஒரு செம்பில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். ஷூ போட்டிருக்கிறேன் அக்கா, கால் அழுக்காகவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே என் பின்னால் வந்தார். தோட்டத்தின் எட்டு இடங்களில் கொடியின் அடியைக் கொத்தி, குழிக்குள்ளிருந்து கையால் மண் அள்ளி எடுத்தேன். எங்கே எடுத்தேன் என்று தெரிய, ஒவ்வோர் இடத்திலும் சிவப்பு மை பூசிய மூங்கில் குச்சி ஒன்று நட்டேன். நோட்டில் வரைபடமும் போட்டுக்கொண்டேன். வேலையில் நான் அவ்வளவு ஒழுங்கு.

பெரம்பலூர் திரும்பியதும் இந்தத் தடவை தட்டை நம்பவில்லை. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அதன்மேல் நல்ல மிளகு இலையைச் சின்னச் சின்ன வில்லையாக வெட்டி மிதக்கவிட்டேன். தூண்டில்தான். தண்ணீரில் நீந்துகிற பூசணம் இருந்தால் பச்சை இலையைத் தேடி வந்து ஒட்டும். நாலாம் நாள் கீழ்த் தோட்டங்களின் மூன்று கிண்ணத்திலும் இலை ஓரம் கறுத்தது. விளிம்பைச் சுரண்டிப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு பக்கம் காம்புக்கூர் வைத்த பைகள், கொத்துக் கொத்தாக. ஃபைட்டோப்தோரா. புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்தது. மேலத் தோட்டத்துக் கிண்ணங்கள் எட்டிலும் இலை பச்சையாகவே மிதந்தது.

என் முதல் அறிக்கை தவறு என்று நானே எழுதினேன். அதிகாரிக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கையெழுத்துப் போட்டார். செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் தனித்தனியே கரைத்துச் சேர்த்து ஊற்றச் சொன்னோம். கீழ்த் தோட்டங்களுக்கு அது காலம் கடந்த வைத்தியம், பாதிக்குமேல் போய்விட்டது. ஆனால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆளைக் கண்டுபிடித்துவிட்டேனே. மேலத் தோட்டம் இருக்கிறதே.

ஐப்பசியில், தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், மேலத் தோட்டத்தில் இரண்டு கொடி முகம் மாறியிருப்பதாகத் தோட்டத்து அக்கா சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்றைக்கே ஏறினேன். அவர் கயிற்றடியில் காத்துக்கொண்டு நின்றார். முன்னால் நடந்து காட்டினார். முதல் கொடியில் இலை தொங்கியிருந்தது. குனிந்து அடித்தண்டைத் தொட்டேன், வழுவழுத்தது. பக்கத்தில் மண்ணில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. என் குச்சி. சரி, தற்செயல் என்று இரண்டாவது கொடிக்குப் போனேன். அங்கேயும் என் குச்சி. அவர் அறியாமல் மற்றக் குச்சிகளையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். மூன்றாவதில் ஒரே ஓர் இலையில் கறுப்புப் புள்ளி. மற்ற ஐந்தும் பச்சைப் பசேலென்று நின்றன. குச்சி இல்லாத இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

அக்கம்பக்கத்து ஆள் யாராவது வந்தார்களா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும். உங்களைத் தவிர ஒரு ஈ காக்கை உள்ளே வரவில்லை என்றார். பரிசோதித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இறங்கும்போது வழுக்குகிறது என்று பாறையைப் பிடித்துக்கொண்டேன். பாறை காய்ந்துதான் இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் நான் எவ்வளவு மடி பார்க்கிறவள் தெரியுமா? ஊசியை மூன்றுமுறை தீயில் காட்டாமல் தட்டைத் தொடமாட்டேன். கையைச் சாராயத்தில் கழுவுவேன். யாராவது தும்மினால் வெளியே அனுப்பிவிடுவேன். மலையில் அதே நான், மூன்று நோய்த் தோட்டத்தைக் கொத்திய கொத்தை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் காட்டாமல் நாலாவது தோட்டத்தில் போட்டிருக்கிறேன். வெளி மண் எங்களுக்கு எப்போதும் வெறும் மண்தான். தட்டில் வைத்தால்தான் அதற்கு மரியாதை.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. மழை, காற்று, பன்றி, எதுவாவது இருக்கட்டும் என்று தவித்தேன். களைக்கொத்து அன்றைக்கு வைத்த இடத்தில், ஆய்வுக்கூட மூலையில், ஈரச் சாக்குக்கு அடியில் கிடந்தது. பிடி நுழைகிற துளையில் மண் அப்பியிருந்தது. சுரண்டினால் ஒரு ஸ்பூன் தேறும். ஆய்வுக்கூடத்துக்கு மூன்று நாள் தீபாவளி விடுமுறை. அந்த மண்ணையும் ஈரத்துணியில் சுற்றிய நாலு மிளகு இலையையும் பையில் போட்டுக்கொண்டு அரியலூருக்கு பஸ் ஏறினேன்.

எங்கள் வீட்டுச் சமையலறையில், அதிரசம் வைத்த தட்டுக்குப் பக்கத்தில், எவர்சில்வர் கிண்ணத்தில் அந்த மண்ணைக் கரைத்து இலை வில்லைகளை மிதக்கவிட்டேன். அம்மா வந்து பார்த்தார். நல்ல நாளும் அதுவுமாகச் சேற்றுத் தண்ணீரை அடுப்பங்கரையில் வைப்பவளை யார் கட்டிக்கொள்வான் என்று ஆரம்பித்தார். எதையும் கொட்டிவிடாதே அம்மா என்று நான் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டார். வீட்டில் நான் அப்படிக் கத்தியதில்லை. அப்புறம் அவரே கிண்ணத்தின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, பூனை தள்ளாமல் உயரத்தில் எடுத்து வைத்தார்.

இரண்டாம் நாள் இலை பச்சையாக இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, புதுப் புடவை கட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் தட்டை எடுத்தேன். நாலு வில்லையில் மூன்றின் ஓரம் கறுத்திருந்தது.

கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் போனேன். விடுமுறை நாள், பஸ் காலியாக ஓடியது. டிரைவர் திருப்பத்தில் ஒடிக்கும்போதெல்லாம் தண்ணீர் சிந்தாமல் இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். பூட்டைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, வெளிச்சம் பிடித்தேன். எலுமிச்சைகள் இருந்தன. பிரிட்ஜில் இருந்த குளிர்ந்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தேன். கால் மணி நேரத்தில் ஒரு பை நுனியில் திறந்துகொண்டது. உள்ளேயிருந்து சின்னச் சின்ன உயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறி நீந்தின. தண்ணீர் இருக்கிற இடமெல்லாம் அவற்றுக்கு வழி. நான் கையில் தூக்கிக்கொண்டு மேடு ஏற்றியிராவிட்டால் மேலத் தோட்டத்துக்கு மட்டும் வழி இருந்திருக்காது.

டீக்கடை ரேடியோவில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளில் கனமழை. மழை பிடித்தால் அந்த எட்டு இடத்திலிருந்தும் வேரோடு வேராகப் பரவி, தை பிறப்பதற்குள் இருநூறும் போய்விடும். மழைக்கு முன்னால் எட்டுக் கொடியையும், அவற்றை ஒட்டி நிற்பவற்றையும் வேரோடு எடுத்து எரித்து, குழியில் துத்தக் கலவை ஊற்றினால் மற்றவை பிழைக்க வழியுண்டு. ஆனால் அதில் ஐந்து கொடி பச்சையாக, காய் பிடித்து நிற்கிறது. காரணம் சொல்லாமல் எந்தப் பைத்தியம் பச்சைக் கொடியை வெட்டும்?

தபால் ஆபீசிலிருந்து திருச்சிக்கு டிரங்க் கால் போட்டு அதிகாரியிடம் சொன்னேன். அவர், மழையாலும் காற்றாலும் பரவியது என்று அறிக்கையில் எழுது, வெட்டச் சொல்வது இலாகா உத்தரவு என்று சொல்லிவிடு, வேலை புதிது, பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கும் அது இனித்தது. மலையேறும்போது பாதி வழிவரை அதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

கயிற்றுக்கு வெளியே நின்றேன். அவர் செம்புத் தண்ணீர் கொண்டுவந்தார். இந்தத் தடவை வாங்கிக் கழுவினேன், களைக்கொத்தை ஆய்வுக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். மனப்பாடம் செய்தது வாயில் வரவில்லை.

"அக்கா, இது மழையில வரல, யாரும் செய்வினை வைக்கவும் இல்ல. நான்தான் கொண்டாந்தேன். கீழத் தோட்டத்துல கொத்துன கொத்தக் கழுவாம இங்க போட்டுட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தோட்டத்தைப் பார்த்தார். எத்தனை கொடி என்று கேட்டார். எட்டு இடம், குச்சி நட்ட இடமெல்லாம், ஒட்டி நிற்பவை சேர்த்தால் இருபதுக்குமேல் என்றேன். மேலே பார்த்தார். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய் அரிவாளும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வந்தார். அழுவார், திட்டுவார், துரத்துவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன். இதற்குத் தயாராக இல்லை.

அன்றைக்கும் மறுநாள் மத்தியானம்வரையும் இருவரும் சேர்ந்து வெட்டினோம். வாடிய மூன்றும் சுலபம். பச்சைக் கொடியை மரத்திலிருந்து பிரிக்கும்போது அது பிடியை விடமாட்டேன் என்றது, சின்னச் சின்ன வேர்களால் பட்டையைக் கவ்விக்கொண்டு. கறுக்காத மிளகுச் சரங்கள் தலையில் கொட்டின. அவர் ஒரு சரத்தைக்கூடப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு எரித்தோம். மண்பானையில் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்தோம், அரிவாள் முனையை நனைத்துப் பார்த்தோம். இரும்பில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதாது. படியவில்லை. எட்டுக் குழியிலும் ஊற்றினோம். குச்சிகளைப் பிடுங்கி நானே நெருப்பில் போட்டேன்.

முடிந்ததும் வாசல் பலாமரத்தடியில் உட்கார்ந்தோம். முதல் கொடி அந்த மரத்தில்தான் இருந்தது, இருநூறுக்கும் தாய். அடிமரம் தெரியாமல் உச்சிவரை படர்ந்து காய்த்திருந்தது. அவர் முதுகை அதில் சாய்த்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அது நினைவு வந்தது.

அன்றைக்கு உள்ளே நுழைந்ததும், முதல் குழி எடுக்கும் முன், களைக்கொத்தில் கீழ்த் தோட்டத்துச் சேறு ஒட்டிக் கனத்தது. எங்கள் பக்கத்தில் காட்டு வேலை தெரிந்த யாரும் செய்வதைத்தான் செய்தேன். கொத்தை மண்ணில் நாலு போடு போட்டு, ஒட்டிய சேற்றை உதறினேன். இந்த மரத்தடியில். இந்தக் கொடியின் காலடியில். அது மண் எடுத்த இடம் இல்லை, அதனால் குச்சியும் இல்லை, நோட்டிலும் இல்லை.

"இதோட முடிஞ்சுதாங்க?" என்று கேட்டார்.

கொடியை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. உதறியதுதானே, வேரை வெட்டவில்லையே என்று ஒரு மனசு சொன்னது. ஒருநாள் முழுக்க இந்த மனுஷியின் பச்சைக் கொடிகளை வெட்ட வைத்துவிட்டு, இப்போது தாயையும் வெட்டு என்று எந்த வாயால் சொல்வது என்று இன்னொரு மனசு. உண்மையைச் சொன்னவள் என்று எனக்குள் வந்திருந்த பெருமையும் கெட்டுவிடும். இத்தனையும் ஒரு நொடிதான்.

"முடிஞ்சுதுக்கா" என்றேன்.

நான் அடிவாரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் பெய்தது. அரியலூரில் எங்கள் தெருவில் தண்ணீர் முழங்கால்வரை ஓடியது. ஒவ்வொரு நாளும் சொல்லி அனுப்பலாம் என்று நினைத்தேன், ஒவ்வொரு நாளும் மழை விடட்டும் என்று தள்ளினேன். மழை விட்ட பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. கார்த்திகையில் ஒரு நடை போய்க் கயிற்றுக்கு வெளியே நின்றபடியே விசாரித்தேன். எட்டுக் குழியைச் சுற்றிய கொடிகள் நன்றாக இருந்தன. வாசல் கொடியை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பொங்கல் கழித்து ஒருநாள், நான் ஆய்வுக்கூடத்தில் வெங்காய இலை பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் வந்தார். பெரம்பலூருக்கு அவர் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாசலுக்கு வெளியிலேயே காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, பாலிதீன் உறை ஒன்றை மேஜைமேல் வைத்தார். உள்ளே ஈரச் சாக்கில் சுற்றிய வேர். காயவிடாமல் எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று நான்தான் ஒருநாள் சொல்லிக் கொடுத்திருந்தேன். தாய்க் கொடி பத்து நாளில் இலையைக் கொட்டிவிட்டதாம், அதை ஒட்டிய வரிசையில் முப்பது நாற்பது தொங்கிவிட்டனவாம். இது என்ன பூசணம் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் வேரைக் கழுவினேன். விளிம்பைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்தேன். வெளிச்சம் பிடித்தேன். கண்ணை வைத்தேன், எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே குனிந்திருந்தேனோ தெரியாது. எலுமிச்சைகள் எப்போதோ தெரிந்துவிட்டன. நிமிர்ந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"அதே தானுங்களா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். வாசலில் அன்றைக்கு நான், என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியுமே. செம்ப வச்சுக்கிட்டு பக்கத்துலதான நின்னேன். நீங்க சேத்த உதறுனதப் பாத்தேன். அதான் அன்னிக்கு, இதோட முடிஞ்சுதான்னு கேட்டேன். அது கணக்குல வரும்னா நீங்க சொல்லியிருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. விளக்கம் சொல்கிறமாதிரி சொன்னார். பிறகு அந்த வரிசையில் எதுவரைக்கும் வெட்டினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று கேட்டார். நான் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்தி, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்டுக்கொண்டார்.